காத்து கைக்குப் போகாது

நீங்கள் எனக்கு விட்டுப்போன பிரஷர் மெஷினின் கைப்பட்டையில் இன்னும் ஆட்டுக்கறி வாசம் போகவில்லை, அக்கா. நேற்று முனியாண்டி பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையைக் கழற்றி வைத்துவிட்டுத் துணியை மட்டும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் கொடியிலிருந்து எடுத்து முகர்ந்தால் சோம்பும் மிளகும் அப்படியே மணக்கின்றன. கறிக்கு வரிசையில் நிற்கிறவர்களின் கையையெல்லாம் சுற்றி வந்த துணி வேறு எப்படி மணக்கும்?

மறுபடி ஊறப்போடலாம் என்று வாளியை எடுத்தேன். அப்புறம் மனசு வரவில்லை. நீங்கள் இருந்தபோதும் அது இப்படித்தான் மணந்தது. சர்ச்சுக்குக் கொண்டுபோகும் அதே கைப்பையில், பைபிளுக்குப் பக்கத்தில் அதைத் திணித்துக்கொண்டு, "அடுத்த வாரம் பிரசங்கம் கேக்கும்போது எனக்குப் பசிக்கப் போவுது பாரு" என்பீர்கள். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஊரே உங்களை மிஸ்ஸி என்றது. எங்கள் தோட்டத்தில் நர்ஸ் என்றாலே மிஸ்ஸிதான். நான் மட்டும் அக்கா என்றேன். காரணம், பார்த்த முதல் நாளே நீங்கள் என்னைத் திட்டிவிட்டீர்கள். அப்படித் திட்டுகிறவரை மிஸ்ஸி, கிஸ்ஸி என்று மரியாதையாகக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

அந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பால்மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளில் பாதி இடிந்து, பிள்ளைகள் ஈப்போ, கே.எல். என்று கிளம்பிப்போன பிறகு எங்கள் தோட்டத்தில் மிஞ்சியவர்கள் குலை வெட்டுகிறவர்களும் உரம் போடுகிறவர்களும் லோரி ஓட்டுகிறவர்களும்தான். சிலிம் ரிவர் டவுனுக்குப் போய்க் கிளினிக்கில் காத்துக்கிடந்தால் ஒரு நாள் வேலை கெட்டுவிடும். அதனால் யாரும் போவதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்தான் போவார்கள், அதுவும் நாலு பேர் தூக்கிக்கொண்டு. அப்படிப்பட்ட தோட்டங்களில் வேலை செய்கிறவர்களின் இருதயத்தைச் சோதிக்க வேன் வரப்போகிறது, நாள் குறித்துக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டபோது எங்கள் கோயில் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாரும் ஒரே எடத்துல இருக்கிற நாளாப் பாத்து வரச் சொல்றேன்லா" என்று அவர் குறித்துக் கொடுத்த நாள், மாரியம்மன் தீமிதிக்கு முந்தின நாள்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் அந்த நாளில் எங்கள் ஆண்கள் எப்படி இருப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. காப்புக் கட்டி வாரக்கணக்கில் சைவம். ஒரு வேளைச் சாப்பாடு. பீர் கிடையாது, சிகரெட் கிடையாது, கருவாடு கிடையாது. தரையில் பாய், பொழுது சாய்ந்தால் தூக்கம். வருடத்தின் மற்ற நாளெல்லாம் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக்கும் வறுத்த கோழியுமாக இருக்கிற மனிதர்கள் மஞ்சள் வேட்டியும் ஒட்டின வயிறுமாக வந்து நின்றபோது, எனக்கே என் புருஷனைப் பார்த்து யாரோ வெளியூர்க்காரர் என்று தோன்றியது.

வேனில் வந்த டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரப் பெண், தங்கமான குணம். ஒவ்வொருவரின் அளவையும் பார்த்துவிட்டு "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சிக்கொண்டே இருந்தது. நல்லது, ரொம்ப நல்லது என்று. எங்கள் ஆட்களைப் பார்த்து இத்தனை தடவை நல்லது என்று யாரும் சொன்னதே கிடையாது. துரையும் சொன்னதில்லை, பெண்டாட்டிகளும் சொன்னதில்லை. கையில் பட்டை சுற்றினவனெல்லாம் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான். என் வீட்டுக்காரர் மணியம் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவர், வருடம் தவறாமல் காவடி எடுக்கிறவர். அவர் அளவு எழுதின அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாஸ் ஆயிட்டேன்லா" என்று என் முன்னால் ஒரு நடை நடந்து காட்டினார்.

நான் பானகம் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்தேன். பட்டையைச் சுருட்டிக்கொண்டே நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"நீ யாருமா?"

"ஸ்கூல் கேண்டீன்ல சமைக்கிறேன். கோயில் விருந்துக்கும் நான்தான்."

"அப்ப உன்னத்தான் திட்டணும். இவங்க மத்த நாள்ல திங்கிறது பூரா ஒனக்குத்தான தெரியும்? போட்டோவுக்குப் பவுடர் போட்ட மாதிரி வந்து நிக்கிறாங்க எல்லாரும். பவுடர் இல்லாத மூஞ்சிய நான் எப்பப் பாக்குறது?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "முனியாண்டி பூசைக்கு வாங்க. கிடா வெட்டன்னிக்கு எல்லா மூஞ்சியும் பாக்கலாம்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். நீங்கள் சிரிக்கவில்லை. பானகத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, என் போன் நம்பரை உங்கள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டீர்கள்.

போகிற வழியில் வேனிலேயே டாக்டரிடம் நீங்கள் சொல்லிப்பார்த்ததை அப்புறம்தான் எனக்குச் சொன்னீர்கள். இவர்கள் விரதத்தில் இருக்கிறார்கள், இந்த அளவுகளை நம்ப முடியாது, மறுபடி வர வேண்டும் என்று. அந்தப் பெண்ணுக்கும் புரிந்ததாம். ஆனால் காத்திருக்கிற தோட்டங்கள் ஏராளம், ஒரே ஒரு வேன், நல்லபடியாக வந்த இடத்துக்கு இப்போதைக்குத் திரும்பி வர வழியில்லை என்று வருத்தப்பட்டதாம். எங்கள் விரதம் எங்களுக்கு வைத்த வேட்டு அதுதான்.

அந்த வாரமே தலைவர் ஈப்போவில் பேனர் அடித்துக்கொண்டு வந்து கோயில் வாசலில் கட்டினார். 'ஆரோக்கியமான தோட்டம்' என்று கொட்டை எழுத்து. நடுவில் தலைவர் கைகூப்பி நிற்கிறார். அம்மன் ஒரு மூலையில், ஸ்டாம்பு அளவுக்கு.

இதற்கு நடுவே தீமிதியன்று ஒன்று நடந்தது. காவடி எடுத்து வருகிற வழியில் மணியம் இரண்டு தடவை சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, கண் சொருகியது. உருமி அடிக்கிறவர்கள் இன்னும் பலமாக அடித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். அருள் இறங்கிவிட்டது என்று மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். நானும் ஊற்றினேன். வீட்டுக்கு வந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தவரிடம் என்னவென்று கேட்டேன். "காத்துலா. வெறும் வயித்துல இருந்தேன்ல" என்றார். இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். பெரிதாக ஏப்பம் ஒன்று விட்டு, "பாத்தியா, போயிருச்சு" என்றார். அருள் என்று ஊர் சொன்னது, காத்து என்று அவர் சொன்னார், நான் இரண்டையும் நம்பினேன்.

முனியாண்டி பூசைக்கு முந்தின வாரம் உங்கள் போன் வந்தது. "எந்த ஞாயித்துக்கெழம? எத்தன மணிக்குக் கறி வேகும்?" வேன் இல்லை, டாக்டர் இல்லை, லீவு நாளில் சொந்தக் காரில், உங்கள் மெஷினை மட்டும் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னீர்கள். நான் சந்தோஷப்பட்டு ஆட்களிடம் சொன்னால் ஒருத்தர்கூடச் சம்மதிக்கவில்லை. "பாஸ் ஆனவனுக்கு எதுக்கு மறுபடி பரீட்ச?" என்றார்கள். நியாயம்தான் என்று எனக்கே பட்டது. உங்களுக்குப் படவில்லை. "கரண்டி யார் கைல?" என்று கேட்டீர்கள்.

கரண்டி என் கையில்தான். எங்கள் ஊரில் கிடாக் கறியை ஆண்கள்தான் வைப்பார்கள். ஒரு வருடம் முனியாண்டிக்குப் படைத்த ஸ்டவுட் பீரை அடுப்படியிலேயே பிரசாதமாக எடுத்துக்கொண்டு, நாலு ஆட்டின் கறியைக் கரியாக்கிய பிறகு, ஊர்க்கூட்டம் போட்டுக் கரண்டியை என் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து என் அனுமதி இல்லாமல் ஒரு துண்டு தட்டில் விழாது.

"அப்ப சரி," என்றீர்கள். "கை காட்டினாத்தான் கறி."

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடித்து நேராக வந்து இறங்கினீர்கள். வெள்ளைப் புடவையில் ஊதாப் பூ, மல்லிகைச் சரம், தோளில் அந்தக் கைப்பை. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்த தலைவர் உங்களைப் பார்த்ததும் மைக்கை மூடிக்கொண்டு ஓடி வந்தார்.

"மிஸ்ஸி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க வேதக்காரங்க. இது முனியாண்டி பூச. சுருட்டு, சாராயம்லாம் வெச்சிருக்கோம்."

"முனியாண்டிக்குப் பிரஷர் பாக்க வரல தலைவரே. ஒங்களுக்குத்தான்."

அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல், அதன்மேல் மெஷின். தட்டோடு வந்தவர்களிடம் நான் கரண்டியால் உங்கள் பக்கம் காட்டினேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் முறைத்தார்கள். குலை வெட்டுகிற ஒருவர், "நான் ஒனக்குச் சித்தப்பா மொறலா" என்று உறவு கொண்டாடிப் பார்த்தார். "சித்தப்பாவுக்கும் கை இருக்குல்ல" என்றேன். கறி அவர்கள் மூக்குக்கு எதிரே கொதித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் தாங்குவார்கள்? ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

தலைவர்தான் முதல். உங்களுடைய புருவம் மேலே போனதை நான் பார்த்தேன். அவர் குனிந்து, "மைக்ல சொல்லிறாதீங்க மிஸ்ஸி" என்று கெஞ்சினார். "மைக்கு ஒங்க கைலதான் இருக்கு தலைவரே" என்றீர்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே கதைதான். பாகுஸ் என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவில்லை. மெஷின் கெட்டுப்போச்சு என்று வரிசையில் பேச்சு கிளம்பியது. நீங்கள் ஒல்லிக்குச்சி உருமிக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்து அளந்தீர்கள். அளவு அழகாக வந்தது. "மெஷின் நல்லாத்தான்லா இருக்கு. கெட்டுப்போனது வேற" என்றீர்கள். வரிசையில் நின்றவர்கள் சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

பாதி அண்டா காலியானபோதுதான் எனக்கு உறைத்தது, மணியத்தைக் காணோம். கிடாக் கறி என்றால் காலையிலிருந்தே அடுப்பைச் சுற்றுகிற மனிதர். எலும்பை உறிஞ்சுகிற சத்தத்தில் பேச்சு கேட்காது. தேடினால், கோயிலுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த அவருடைய லோரியின் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட வரல?"

"நான் இன்னிக்கிச் சைவம்."

கிடா வெட்டன்றைக்குச் சைவமாம். இந்த மனிதர் விரதத்தை முடித்த மறுநாளே காலைப் பசியாறலுக்கு ரொட்டி சானாயோடு ஆட்டுக் குழம்பு கேட்டவர். கறியை விடுகிறார் என்றால் கையைக் காட்டப் பயப்படுகிறார். பயப்படுகிறார் என்றால் உடம்புக்குள் என்னவோ நடப்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. இஞ்சியும் பூண்டும் போட்டு நான் விரட்டினது காத்தே இல்லை என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுப்படிக்குத் திரும்பி வந்தேன். அண்டாவின் அடியிலிருந்து மஜ்ஜை ததும்புகிற நல்லி எலும்பாகப் பொறுக்கித் தட்டில் குவித்தேன். உங்களிடம் கண்ணைக் காட்டினேன். நீங்கள் பட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல், லோரியின் மறுபக்கமாகச் சுற்றி வந்தீர்கள். நான் எதிரே போய்த் தட்டை நீட்டினேன். சைவக்காரர் எலும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி எலும்பைப் பார்த்தார். கை தானாக நீண்டது. பின்னாலிருந்து வந்து அந்தக் கையை நீங்கள் பிடித்த பிடி இருக்கிறதே, போலீஸ்காரன்கூட அப்படிப் பிடிக்க மாட்டான்.

"விடுங்க மிஸ்ஸி. நான் முன்னமே பாஸ் ஆனவன்."

"பாஸ் ஆனவன் எதுக்கு ஒளியிற?"

பட்டை இறுகியது, காற்று இறங்கியது. மெஷினைப் பார்த்த உங்கள் முகத்தில் இருந்த விளையாட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. மறுபடியும் அளந்தீர்கள். அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அப்போதுதான் நானும் அதைச் சரியாகப் பார்த்தேன்.

"மணியம், எங்க வலிக்குது?"

"வலி இல்ல மிஸ்ஸி. காத்து. கொஞ்சம் அடைக்குது, அவ்ளோதான்."

"சரி, காத்துதான். அது எங்கருந்து எங்க போவுதுன்னு காட்டு."

அவர் வலது கையில் எலும்புத் தட்டைப் பிடித்தபடி, இடது கையைத் தூக்க முடியாமல் தூக்கி, விரலால் நெஞ்சு நடுவைத் தொட்டார். அங்கிருந்து தாடைக்குக் கொண்டுபோனார். பிறகு முகவாயால் தன் இடது தோளைக் காட்டி, "அப்பறம் கை வழியா எறங்குது" என்றார்.

நீங்கள் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தீர்கள், அந்தப் புடவையோடு. குரல் மெத்தென்று இருந்தது.

"காத்து கைக்குப் போகாதுலா, மணியம்."

பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவர் வாயில் போட்டுக் கடித்து மென்று விழுங்கச் சொன்னீர்கள். என்னைப் பார்த்து, "செல்வி, கரண்டிய வை" என்றீர்கள். என் கையில் கரண்டி இருந்ததே எனக்குத் தெரியாது.

உங்கள் குட்டிக் காரில் அவரைப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தோம். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க அவர் தட்டை விடவில்லை. "ஆறிப்போவுது செல்வி. ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டுக்கிறேன்" என்று கெஞ்சினார். நீங்கள் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "எலும்புல வாய வெச்ச, கார நிறுத்தி எறக்கி விட்ருவேன்" என்றீர்கள். எறக்கி விட்டிருக்கவே மாட்டீர்கள். சிவப்பு விளக்கையெல்லாம் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தீர்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் பேசுகிறவரைக்கும் பயமில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். வளைவில் திரும்பும்போது பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சில் தட்டை அணைத்துக்கொண்டு கிடந்தார். என் வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்தது கிடையாது. "ஏங்க, எலும்பு கீழ விழுதுங்க" என்று கத்தினேன். சட்டென்று கண்ணைத் திறந்து தட்டை நேராக்கினார். நீங்கள் "நல்லாக் கத்துற, கத்திக்கிட்டே வா" என்றீர்கள். நான் ஆஸ்பத்திரி வாசல்வரை எலும்பைப் பற்றியே கத்திக்கொண்டு வந்தேன்.

அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதும், அடைத்திருந்த ரத்தக் குழாயில் வலைக்குழாய் வைத்து அதைத் திறந்ததும் உங்களுக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தபோது நான் காதைப் பொத்திக்கொண்டதும் தெரியும். நடைபாதை பெஞ்சில் உங்கள் தோளில் சாய்ந்து அழுதேன். நீங்கள் என் முதுகைத் தட்டிக்கொண்டே உங்கள் புடவையைப் பார்த்தீர்கள். ஒரு பக்கம் செம்மண், மறு பக்கம் கறிக் குழம்பு. "ஈஸ்டருக்கு எடுத்த பொடவ. கர்த்தர்கிட்ட என்னன்னு சொல்லுவேன், முனியாண்டி பூசைக்குப் போனேன்னா?" என்றீர்கள். அழுகையோடு சிரிப்பு வந்து எனக்கு விக்கல் எடுத்தது.

அடுத்த வாரமே கோயிலில் கூட்டம் போட்டார்கள். எல்லோரும் முறை வைத்து டவுன் கிளினிக்குக்குப் போவது, வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் பேசி அந்த நாள் கூலியைப் பிடிக்காமல் பார்ப்பது என்று முடிவானது. தலைவர்தான் முதல் ஆளாகப் போய் மாத்திரை வாங்கி வந்தார். பேனரையும் அவரே அவிழ்த்தார். தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்ததை மறு வருடம் நீங்கள் வந்தபோது மெஷினுக்கு அடியில் மேசை விரிப்பாகப் போட்டோம். தலைவரின் கூப்பிய கை சரியாக மெஷினுக்கு நேராக வந்தது. வருகிறவர்களை எல்லாம் கும்பிட்டுக் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு பூசைக்கும் வந்தீர்கள். ரிட்டயர் ஆன பிறகும் ஈப்போவில், புந்தோங்கில் இருக்கிற உங்கள் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். தோட்டத்தில் வேலை செய்கிற பங்களாதேஷ் பையன்கள் எங்கள் கறியைச் சாப்பிட மாட்டார்கள். அவர்களும் வந்து நின்று கையைக் காட்டிவிட்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார்கள். "இவனுங்கதான்லா ஒழுங்கு. கறிக்கு இல்லாம கைக்கு வரானுங்க" என்று வரிசைக்காரர்களைக் குத்திக் காட்டுவீர்கள். என் அண்டாவில் உப்பைக் குறைக்கச் சொன்னீர்கள். நான் குறைத்தது போதாதென்று உங்கள் கையாலேயே கிண்ணத்து உப்பில் பாதியை அள்ளி டப்பாவில் திரும்பப் போட்டீர்கள். அந்த வருடக் கறியை ஊரே திட்டியது, ஆனாலும் அண்டா காலி.

மணியத்தைச் சோதிக்க வீட்டுக்கு வருகிறபோது உங்கள் கண் மெஷினில் இருக்காது, வீட்டின் மூலை முடுக்கில் இருக்கும். அரிசி டின்னுக்குள் கருவாட்டைக் கண்டுபிடித்தீர்கள். சாமி மாடத்துக்குப் பின்னால் முறுக்கைக் கண்டுபிடித்தீர்கள். ஒரு தடவை வெளியே நின்ற லோரியில் ஏறி, டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள். மணியம் கொஞ்சமும் அசராமல், "அது லோரிக்கு மிஸ்ஸி" என்றார். "லோரிக்கும் பிரஷர் பாக்கட்டுமா?" என்று கேட்டீர்கள். அந்தப் பாட்டிலை நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்று தீர்த்ததை என்னிடம் மட்டும் சொன்னீர்கள். நான் இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

இந்தத் தைப்பூசம் கழிந்து புந்தோங்கில் உங்களைப் பார்க்க வந்தேன். வயிற்றில் வந்த கட்டி உங்களை அரைவாசி ஆளாக்கியிருந்தது. ஜன்னலோரக் கட்டிலில், தலையணையில் சாய்ந்து, அந்தக் கைப்பையை மடியில் வைத்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் மெஷினை எடுத்து நீட்டினீர்கள்.

"கட்டு."

நான் என்ன கண்டேன் அதெல்லாம். பட்டையை முழங்கையில் சுற்றினேன். "பட்டய மேல தூக்கிக் கட்டு. கொழாய் உள்பக்கம் வரணும். கறி கிண்டுற கைதான, இது வராதா ஒனக்கு?" என்று படுத்துக்கொண்டே திட்டினீர்கள். உங்கள் கை என் விரல் வட்டத்துக்குள் அடங்கிவிடும் போல இருந்தது. கட்டினேன், பொத்தானை அமுக்கினேன், அளவு வந்தது.

"எப்டி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"அந்த டாக்டர் பொண்ணு மாதிரி சொல்லு."

"பாகுஸ்," என்றேன். "பாகுஸ்க்கா."

"பாத்தியா," என்றீர்கள். "மத்ததெல்லாம் ஃபெயிலு. இது மட்டும் பாஸ்லா." சிரித்தீர்கள். சிரிக்கவே வலித்தது உங்களுக்கு, தெரிந்தது. பட்டையை அவிழ்க்கப் போனேன், சர்ரென்று சத்தம் வந்தது. "அத நீயே வெச்சிக்க. கரண்டியும் ஒன்கிட்டதான இருக்கு" என்றீர்கள். மாதம் முடிவதற்குள் உங்கள் தம்பி போன் செய்தார். உங்கள் அடக்கத்தன்று சர்ச்சில் எங்கள் தோட்டத்து ஆட்கள் இரண்டு பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தோம். எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தலைவர் எழுந்தால் நாங்களும் எழுந்தோம், அவருக்கும் தெரியாது. நீங்கள் பார்த்திருந்தால் ரொம்ப ரசித்திருப்பீர்கள்.

நேற்று நீங்கள் இல்லாத முதல் பூசை. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் பட்டை என்று நானே நின்றேன். டவுன் கிளினிக்கிலிருந்து புது மிஸ்ஸி ஒரு பெண் வந்து, நான் தப்பாகக் கட்டினால் திருத்தினாள். உங்கள் அளவுக்குத் திட்டத் தெரியவில்லை, போகப் போகக் கற்றுக்கொள்வாள். ஈப்போவிலிருந்து பூசைக்கு வந்திருந்த ஃபேக்டரிப் பையன் ஒருவன், "எனக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, கொஞ்சம் காத்து அடைக்குது, அவ்ளோதான்" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் மணியம் எங்கிருந்தோ வந்துவிட்டார். அவன் தோளில் கையைப் போட்டு ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"தம்பி, அந்தக் காத்து எங்கருந்து எங்க போவுதுன்னு காட்டுலா."

பையன் நெஞ்சிலிருந்து வயிற்றுக்குக் காட்டினான். மணியம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "இது காத்துதான். கைக்குப் போனாத்தான் காத்து இல்ல. மிஸ்ஸி சொல்லிருக்காங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். ஆனாலும் பையனை விடவில்லை, கையை அளந்த பிறகுதான் எழுந்திருக்க விட்டார். புது மிஸ்ஸி அவனைக் கிளினிக்குக்கும் வரச் சொன்னாள்.

ராத்திரிக்குப் பூசைக் கறி இல்லை. வீட்டில் சோறும் பருப்பும் வெண்டைக்காயும்தான் வைத்தேன். மணியம் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, தினம் தினம் பார்க்கிற அந்தப் பார்வையை என்மேல் பார்த்தார்.

"உப்பே இல்ல" என்றார்.

ஒரு நாள் தவறாமல் சொல்கிறார், அக்கா. நான் தலையை ஆட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றினேன்.